லோரியானின் கூரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பிரான்சில் லோரியான் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். போர்க்காலத்தில் ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கித் தளம் இன்றும் நிற்கிறது. 7 மீட்டருக்கும் மேல் கனமுள்ள கூரை! எந்தக் குண்டாலும் அதைத் துளைக்க முடியவில்லையாம். ஜெர்மானியர்களின் திறமையை எண்ணி மெய்சிலிர்த்தேன். நம் பாலங்களோ ஒரு மழைக்குத் தாங்குவதில்லை. இரண்டாம் உலகப் போர் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ப., திருச்சி

அன்புள்ள ப.,

பார்த்த இடத்தை ஊர் திரும்பியும் மறக்காத மனம் உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் கோபத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பாலங்களைப் பற்றிய புலம்பலை விடுங்கள், அது டீக்கடைப் பேச்சு.

கெரோமன் முனையிலுள்ள அந்தத் தளத்துக்கு நானும் போயிருக்கிறேன். என் தாய்மாமா சென்ட்ரிங் தச்சர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கெரோமன் சுவரில் சென்ட்ரிங் பலகைகளின் மர ரேகை, கணு எல்லாம் பதிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பலகையையும் யாரோ ஒருவன் தூக்கி நிறுத்தி முட்டுக்கொடுத்திருக்கிறான். நாஜி ஜெர்மனியின் கட்டுமான நிறுவனமான டோட் அமைப்பு அங்கே திரட்டிய ஆயிரக்கணக்கானோரில் உள்ளூர்க் கூலிகள் இருந்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவிடம் தோற்றுப் பிரான்சில் தஞ்சம் புகுந்த ஸ்பானியக் குடியரசுக்காரர்களும் இருந்தார்கள். பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர். அவர்களை ஒரு வரியில்கூட நினைக்காமல் 'ஜெர்மானியர்களின் திறமை' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கூரை துளைபடவில்லை என்பது உண்மைதான். 1944 ஆகஸ்டில் 5 டன்னுக்கும் அதிக எடையுள்ள டால்பாய் குண்டுகள் விழுந்தும் தாங்கியது. ஆனால் அதற்கு முன்பே, 1943 ஜனவரியிலும் பிப்ரவரியிலும், தளத்தை உடைக்க வழியில்லை என்பதால் பிரிட்டிஷ் விமானப்படை சுற்றியிருந்த நகரத்தை எரித்தது. 1941இல் கட்டுமானம் திறந்து கிடந்தபோது முனைப்பாகத் தாக்காமல் விட்டவர்கள், பிறகு வீடுகளின் மேல் குண்டு போட்டார்கள். லோரியானின் பெரும்பகுதி அழிந்தது. நீர்மூழ்கிகளுக்குக் கீறல் விழவில்லை. நீங்கள் மெய்சிலிர்த்த அந்தக் கனத்துக்கு விலை கொடுத்தது அந்த ஊர்.

சரி, தன் மாலுமிகளையாவது அந்தக் கூரை காப்பாற்றியதா? அதன் காவல் துறைமுகத்தோடு முடிந்தது. 1943 மே மாதத்தில் மட்டும் 40க்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் அழிந்தன. போர் முழுவதிலும் அவற்றில் பணியாற்றிய சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இருபதைத் தாண்டியும் தாண்டாத பையன்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். லோரியானிலிருந்தே தொடங்குங்கள். 1944இல் பாரிஸ் விடுதலையான பிறகும் அங்கே ஜெர்மன் படை முற்றுகைக்குள் அடைபட்டுக் கிடந்தது. 1945 மே 10 அன்றுதான் சரணடைந்தது. ஊரைவிட்டுப் போன மக்கள் திரும்பி வந்து எதைப் பார்த்தார்கள், மரக்கொட்டகைகளில் எத்தனை காலம் குடியிருந்தார்கள் என்று தேடிப் படியுங்கள். படித்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.