கேள்வி நேரம்: மூன்று உதட்டுப் பூ

கேள்வி: ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். இப்போது விட்டிருக்கும் கொத்தில் பக்கத்து இதழ்கள் இரண்டும் நடு உதடு மாதிரியே தடித்துச் சுருண்டிருக்கின்றன. வைரஸா? மருந்து அடிக்கலாமா?
வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மருந்து வேண்டாம் அம்மா. வைரஸாக இருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது. இலையில் கறுப்புக் கோடுகளோ குழிவான திட்டுகளோ இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை. நான் தாவரவியல் வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு மாணவி இதே மாதிரி பூவைக் கொண்டுவந்தாள். "பூச்சி அரித்தது" என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். பூச்சியை அவள் தேடு தேடென்று தேடினாள், பாவம். பிறகுதான் அது பெலோரிக் பூ, அதாவது பக்கத்து இதழ்களும் உதடு மாதிரியே மாறிவிட்ட பூ என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆர்க்கிட் பூவில் வெளிச்சுற்றில் மூன்று இதழ், உள்சுற்றில் மூன்று. உள்சுற்று மூன்றில் ஒன்றுதான் உதடு. மொட்டு விரிவதற்குள் காம்பு அரைச்சுற்று முறுக்கிக்கொள்வதால் அது கீழே வந்து, பூச்சி இறங்குவதற்குத் திண்ணை போல அமைகிறது. காம்பைப் பாருங்கள், முறுக்கு தெரியும்.

எது இதழ், எது உதடு என்பதை மாட்ஸ் பாக்ஸ் குடும்ப மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஆர்க்கிட்டின் முன்னோர்களிடம் இவற்றில் சில இரட்டித்துப் பெருகின. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டதால், இன்னொன்று மாறினாலும் செடிக்கு நஷ்டமில்லை. உதடு இப்படி வந்ததுதான். இவை உண்டாக்கும் புரதங்கள் தனித்துப் போட்டியிடுவதில்லை, கூட்டணிதான். இதழ்க் கூட்டணி ஒன்று, உதட்டுக் கூட்டணி ஒன்று. எந்த இடத்தில் எதற்குப் பலமோ அங்கே அதன் ஆட்சி. 2015-ல் தைவான் ஆய்வாளர்கள் உங்களுடைய ஃபலெனாப்சிஸ் இனத்திலேயே உதட்டுக் கூட்டணியின் மரபணுக்களை அடக்கிப் பார்த்தார்கள். உதடு இருந்த இடத்தில் சாதாரண இதழ் மாதிரி வந்தது! உங்கள் பூவில் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. பக்கத்துத் தொகுதிகள் இரண்டிலும் இதழ்க் கூட்டணி டெபாசிட் இழந்திருக்கிறது.

ஆர்க்கிட்டுகளில் அபோஸ்டேசியா என்று ஒரு பழைய கிளை இருக்கிறது. அதில் தனி உதடே கிடையாது, உள்சுற்று மூன்றும் ஏறக்குறைய ஒரே அச்சு. 2017-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, மற்ற ஆர்க்கிட்டுகளைவிட அதில் மாட்ஸ் பாக்ஸ் குடும்ப மரபணுக்கள் சில குறைவாக இருப்பது தெரிந்தது.

சரி, உங்கள் செடிக்கு ஏன் இப்படி? கடைக்கு வரும் ஃபலெனாப்சிஸ் பெரும்பாலும் திசு வளர்ப்பில் பெருக்கியவை. அந்த முறையில் இந்த மாதிரி மாற்றம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அடுத்த கொத்து பழையபடி நேராக வந்தாலும் வரலாம், அதனால் இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: விதை போட்டு இதைப் பெருக்கலாமா?
அதே வாசகி

பதில்: வீட்டில் முடியாது. விதை தூசு மாதிரி இருக்கும். உள்ளே சேமித்த உணவு இல்லாததால், இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூந்தண்டில் குட்டிச் செடி விட்டால் மட்டும் விடாதீர்கள். அதற்கு இரண்டு மூன்று வேர் விரல் நீளம் வந்ததும் வெட்டி, மண் இல்லாமல் மரப்பட்டைத் துண்டுகளில் வையுங்கள்.