அடிமரத்தை நறுக்கவா, வேரோடு பிடுங்கவா?

லோடர் வண்டியின் முன்னால் மாட்டி மரம் வெட்டும் கருவிகள், அதாவது அட்டாச்மென்ட்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பல வருஷமாகத் தரிசாகக் கிடந்த பத்து ஏக்கரில் முள்மரம் மண்டிவிட்டது. பெரும்பாலும் கைப்பருமன், சில மரங்கள் தொடைப்பருமன். ஸ்கிட் ஸ்டியர் லோடர் (நின்ற இடத்திலேயே திரும்பும் சிறிய லோடர் வண்டி) இருக்கிறது. அதற்குக் கத்திரி வாங்கலாமா, வட்ட ரம்பம் வாங்கலாமா?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். மரத்தை எடுத்த பிறகு அந்த நிலத்தில் கலப்பை இறங்கப்போகிறதா? இறங்கும் என்றால் கத்திரி, ரம்பம் இரண்டுமே பாதி வேலைதான். இரண்டும் தரையோடு நறுக்கும். தூர் மண்ணுக்குள்ளேயே நிற்கும். சீமைக் கருவேலம் போன்ற மரங்களுக்கு, மண்மட்டத்துக்குக் கீழே வேர்க்கழுத்தில் துளிர்க்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டினால் ஒற்றைத் தண்டாக நின்றது நாலைந்தாகக் கிளம்பும். இரண்டு மழைக்குள் பழையதைவிட அடர்ந்த புதர் நிற்கும்.

உழப்போகும் நிலத்தில் கைப்பருமன் மரங்களுக்கு, தண்டைக் கடித்துப் பிடுங்கும் தாடைதான் எங்கள் முதல் சிபாரிசு. தாடையைச் சற்றே மண்ணில் புதைய இறக்கித் தண்டின் அடியைக் கவ்வுங்கள். லோடரின் கையைத் தூக்கி நேரே மேலே இழுக்காதீர்கள், பின்சக்கரம்தான் எழும்பும். பக்கெட்டைச் சாய்ப்பதுபோல் தாடையைப் பின்னோக்கிச் சாய்த்தால் வேர் தானே கிளம்பிவிடும். சாய்க்கும் சிலிண்டரின் பிடுங்கு விசை, தூக்கும் விசையைவிடப் பொதுவாக அதிகம். மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாட்களில் வேர் முழுசாக வரும். காய்ந்து இறுகிய மண்ணில் தண்டு அடியோடு முறிந்து, தூர் உள்ளேயே தங்கிவிடும். தொடைப்பருமன் மரங்களைப் பொக்லைன் வைத்துச் சுற்றிலும் தோண்டி எடுப்பதுதான் முறை.

உழவு இல்லை, மேய்ச்சலுக்கோ வேலி ஓரத்தைச் சுத்தம் செய்யவோ மட்டும்தான் என்றால் கத்திரி போதும். லோடரின் சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் ஓட்டத்திலேயே ஓடும், மண் பட்டாலும் தாங்கும், வெட்டிய மரத்தைப் பிடித்தபடியே குவியலுக்குக் கொண்டுபோகும். ரம்பம் வேகமானது, வெட்டும் வழவழப்பாக இருக்கும். ஆனால் மரத்துக்குள் புதைந்த பழைய வேலிக்கம்பியோ ஒரு கூழாங்கல்லோ போதும், பல் போய்விடும். தெறிக்கும் துண்டுகள் வெகுதூரம் பாயும். 90 மீட்டருக்குள் ஆள், மாடு எதுவும் இருக்கக்கூடாது. லோடரின் முன்கதவு பாலிகார்பனேட்டாக (எளிதில் உடையாத கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியோடு ரம்பம் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி: என் லோடர் எந்த அட்டாச்மென்டைத் தாங்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

மூன்று எண்கள் வேண்டும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஓட்டம், எத்தனை பார் அழுத்தம், எத்தனை கிலோ தூக்கும் திறன். மூன்றும் மெஷின் கையேட்டில் இருக்கும்.

ஓட்டத்தை அழுத்தத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 75 லிட்டர், 210 பார் என்றால் சுமார் 26 கிலோவாட், அதாவது 35 குதிரைத்திறன். மோட்டார் உள்ள ரம்பமும், மரத்தை நின்ற இடத்திலேயே தூளாக்கும் மல்ச்சரும் இந்தச் சக்தியைத் தொடர்ந்து கேட்கும். கேட்ட ஓட்டம் கிடைக்காவிட்டால் சுழற்சி குறைந்து, பல் மரத்தில் சிக்கி, எண்ணெய் கொதிக்கும்.

கத்திரியின் கணக்கு வேறு. 12.5 செ.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் 210 பாரில் சுமார் 26 டன் தள்ளும். ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் அந்த விசை குறையாது. நேரம் மட்டும் கூடும். பிஸ்டன் 40 செ.மீ. நகரும் அந்தச் சிலிண்டர் நிரம்ப ஏறக்குறைய 5 லிட்டர் எண்ணெய் வேண்டும். 60 லிட்டர் ஓட்டத்தில் 5 நொடி, 90 லிட்டரில் மூன்றேகால் நொடி. ஓட்டம் குறைந்த மெஷின்காரர்களுக்குக் கத்திரியைச் சொல்வது இதனால்தான்.

எடைக் கணக்கில் அட்டாச்மென்டை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். அது கவ்வியிருக்கும் மரத்தையும் கூட்டுங்கள். பச்சை மரம் ஒரு கனமீட்டர் 800 முதல் 1000 கிலோ வரை இருக்கும். அடியில் 25 செ.மீ. விட்டமும் 8 மீட்டர் உயரமும் உள்ள மரம் கிளைகளோடு 250 கிலோ தாண்டலாம். மரத்தை நட்டமாகத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் மெஷின் கவிழும். தரையோடு தாழ்த்தியே கொண்டுபோங்கள்.

இன்னொன்று: விளம்பரத்தில் போடும் "30 செ.மீ. வரை" என்பது பெரும்பாலும் மென்மரத்துக்கு. வைரம் பாய்ந்த மரமானால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளக்காமல், கத்தி இறங்கும் தரைமட்டத்தில் டேப் வைத்து அளந்து 3.14-ஆல் வகுங்கள். அடிமரம் அகன்றிருப்பதால் அங்கே விட்டம் கூடுதலாகவே வரும்.

கேள்வி: கத்திரி பாதி வெட்டியதும் நின்றுவிடுகிறது. வெட்டிய இடமும் பிளந்துபோகிறது. என்ன கோளாறு?

முதல் சந்தேகம் கத்திமேல். விளிம்பை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கூராக இருந்தால் விளிம்பு கண்ணுக்கே தெரியாது. மழுங்கியிருந்தால் மயிரிழை அகலத்துக்கு வெள்ளைக்கோடு மின்னும். கிரைண்டரில் பழைய சாய்வு மாறாமல் தீட்டுங்கள். இரும்பு நீலம் பாய விடாதீர்கள்; நீலம் பாய்ந்த இடத்தில் கடினம் போய்விடும், அடுத்த மரத்திலேயே மடங்கும்.

அடுத்தது ஹோஸை லோடரோடு இணைக்கும் கப்ளர். அழுந்தாமல் அரைகுறையாகப் பொருந்திய கப்ளர் எண்ணெயை நெரிக்கும். தொட்டால் மற்ற கப்ளரைவிடச் சூடாக இருக்கும். அதுவும் சரியென்றால் கப்ளரில் பிரஷர் கேஜ் மாட்டி, கத்தி முழுசாக மூடிய நிலையில் லீவரைப் பிடித்துப் படியுங்கள். கையேடு 210 பார் என்று சொல்ல, கேஜ் 170-ல் நின்றால் கோளாறு, அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்விலோ பம்ப்பிலோ இருக்கிறது. கசிவு இருக்குமோ என்று ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டை வழியே எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

பிளவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் கத்திரி நாரை நசுக்கித்தான் வெட்டும். கத்தி மரத்துக்குள் இருக்கும்போது லோடரை முன்னே தள்ளினால் பிளவு நீளும், கத்தியைத் தாங்கும் இரும்புப் பின்னும் வளையும். வண்டியை நிறுத்தி, கத்தி தரைக்கு இணையாக இருக்கிறதா பார்த்துவிட்டு மூடுங்கள். மரத்தைப் பலகைக்கு விற்பதானால் ரம்பமே நல்லது.

கேள்வி: மல்ச்சர் வாங்கினால் வெட்டி அள்ளும் வேலையே இருக்காது என்கிறார்களே?

அள்ளும் வேலை இருக்காது, உண்மை. ஆனால் தூர் அப்படியே இருக்கும். பச்சைத் தூளை உடனே உழுது மண்ணில் கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாக நிற்கும். மேல்மூடாக்காகவே விட்டுவிடுங்கள்.

வாங்குகிறீர்கள் என்றால் ஒரு மூன்றாவது ஹோஸைக் கவனியுங்கள். மோட்டாரின் உள்கசிவை நேரே டேங்குக்குக் கொண்டுபோகும் மெல்லிய கேஸ் டிரெய்ன் லைன் அது. அதை மாட்ட மறந்து ஸ்டார்ட் செய்தால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் (எண்ணெய் வெளியே கசியாமல் அடைக்கும் வளையம்) பிதுங்கிவிடும். உங்கள் லோடரில் அதற்கான கப்ளர் இல்லையென்றால், அதைப் பொருத்திய பிறகே மல்ச்சரை இறக்குங்கள்.