விக்கிள் போட்டால் பூகம்பம் வருகிறது: கேமரா ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வீடியோ மென்பொருளில் 3டி கேமராவின் பொசிஷனுக்கு (இருக்கும் இடத்துக்கு) விக்கிள் எக்ஸ்பிரஷன், அதாவது மதிப்பைத் தாறுமாறாக ஆட்டும் சூத்திரம், கொடுத்திருக்கிறேன். கையில் பிடித்து எடுத்த ஷாட் போலத் தெரியவில்லை. மதிப்பைக் குறைத்தால் காட்சி மிதக்கிறது, கூட்டினால் உதறுகிறது. ஷாட்டின் 10-வது நொடியில் ஒரு வெடிப்பு. அங்கே ஆட்டம் வேகமாக வேண்டும் என்று ஃப்ரீக்வன்சியை (நொடிக்கு எத்தனை அசைவு என்பதை) ஸ்லைடரில் இணைத்துக் கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்ற குறி) போட்டேன். கேமரா தறிகெட்டு ஓடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். முதலில் பொசிஷனில் இருக்கும் விக்கிளை எடுத்துவிடுங்கள்.

ஒருவர் நின்ற இடத்திலேயே கேமராவைப் பிடித்திருக்கும்போது அது இடம் மாறுவது கொஞ்சம்தான். லென்ஸ் மேலும் கீழும், இடமும் வலமும் மிகச் சிறிய கோணத்தில் திரும்புவதைத்தான் நாம் ஆட்டமாகப் பார்க்கிறோம். உங்கள் கேமரா டூ-நோட் வகை என்றால் நிலைமை இன்னும் மோசம்: பாயின்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் (கேமரா பார்க்க வேண்டிய புள்ளி) ஓரிடத்தில் நிற்க, கேமரா மட்டும் நகர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். மிதப்பதுபோல் தெரிவது அதனால்தான். அந்தப் புள்ளி இல்லாத ஒன்-நோட் கேமராவுக்கு மாறுங்கள். ஃப்ரேமிங்குக்கு ஓரியன்டேஷன், ஆட்டத்துக்கு எக்ஸ், ஒய், இசட் ரொட்டேஷன் என்று பிரித்துக்கொண்டால் ஒன்றை மாற்றும்போது மற்றது கெடாது.

எவ்வளவு டிகிரி என்பதை லென்ஸ்தான் முடிவு செய்கிறது. 1920 பிக்சல் அகலக் காம்போசிஷனில் 50 மிமீ ப்ரீசெட் எடுத்தால் கேமராவின் ஸூம் மதிப்பு (லென்ஸிலிருந்து படத்தளம் வரை உள்ள தூரம்) சுமார் 2667 பிக்சல். அதில் ஒரு டிகிரி திரும்பினால் படம் ஏறக்குறைய 47 பிக்சல் நகரும். அதே ஒரு டிகிரி 15 மிமீ லென்ஸில் சுமார் 14 பிக்சல், 200 மிமீ லென்ஸில் 186 பிக்சல். லென்ஸை மாற்றிவிட்டு விக்கிள் எண்களை அப்படியே விட்டால் எல்லாம் குலைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது ஃப்ரீக்வன்சி. உண்மையான கை ஆட்டத்தில் ஒரே வேகம் கிடையாது. உடல் சாய்வதும் மூச்சும் மெதுவானவை. மூச்சு மட்டும் நொடிக்குக் கால் சுற்று அளவில் இருக்கும். அதன்மேல் கையின் திருத்தங்கள், அதற்கும் மேலே நொடிக்கு 8 முதல் 12 வரை வரும் மெல்லிய நடுக்கம். ஒற்றை விக்கிளில் இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே எக்ஸ், ஒய் ரொட்டேஷன் இரண்டிலும் இரண்டு விக்கிள்களைக் கூட்டுங்கள். 50 மிமீக்கு நான் தொடங்கும் எண்கள்: மெதுவானதற்கு ஃப்ரீக்வன்சி 0.5, அளவு 0.4 டிகிரி, வேகமானதற்கு ஃப்ரீக்வன்சி 3, அளவு 0.08 டிகிரி. இசட்டில் இதில் பாதி போதும். ஒவ்வொரு விக்கிளும் அந்தப் பண்பின் அடிப்படை மதிப்பைச் சேர்த்தே விடை தருகிறது. எனவே இரண்டைக் கூட்டும்போது அடிப்படை மதிப்பை ஒருமுறை கழிக்க வேண்டும். ரொட்டேஷன் பூஜ்யமாகவே இருந்தால் இந்தக் கவலை இல்லை.

நடந்துகொண்டே எடுக்கும் ஷாட் என்றால் கதை வேறு. அங்கே ஒரு தாளம் உண்டு: நொடிக்கு ஏறக்குறைய இரண்டு காலடி, ஒவ்வொரு காலடிக்கும் ஒரு ஏற்ற இறக்கம், இரண்டு காலடிக்கு ஒருமுறை இடவல அசைவு. இதை விக்கிளில் தேடாதீர்கள். பொசிஷனில் சைன் அலை கொடுத்து, அதன்மேல் சிறிதளவு விக்கிள் தூவினால் போதும்.

இப்போது அந்தத் தறிகெட்ட ஓட்டம். விக்கிள் என்பது முன்கூட்டியே வரைந்து வைத்த நீண்ட கோணல் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீக்வன்சியையும் நேரத்தையும் பெருக்கி, கோட்டில் அந்த இடத்தில் உள்ள மதிப்பை அது எடுக்கிறது. 10-வது நொடியில் ஃப்ரீக்வன்சி 2 என்றால் இடம் 20. 11-வது நொடிக்குள் அதை 5 ஆக்கினால் இடம் 55. நீங்கள் எதிர்பார்த்தது ஒரு நொடியில் மூன்று நான்கு அசைவுகள், நடப்பதோ 35. டைம்லைனில் எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு மோசமாகும். ஆகவே ஃப்ரீக்வன்சிக்குக் கீஃப்ரேமே வேண்டாம். வெடிப்புக்கென்று ஃப்ரீக்வன்சி 8 உள்ள மூன்றாவது விக்கிள் ஒன்றைச் சேர்த்து, அதன் அளவை மட்டும் ஸ்லைடர் கன்ட்ரோலில் இணையுங்கள். வெடிப்பு வரை பூஜ்யம், ஒரே ஃப்ரேமில் 1.5 டிகிரி, அடுத்த 18 ஃப்ரேம்களில் முதலில் சட்டென்றும் பிறகு மெல்லவும் பூஜ்யத்துக்கு இறங்கட்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் ஃப்ரீக்வன்சி 12-ஐத் தாண்டிப் பயனில்லை. அசைவைக் காட்டுவதற்கு ஃப்ரேம்கள் போதாமல் வெறும் சிதறலாகிவிடும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அளவு உச்சத்தில் இருக்கும் அந்த ஃப்ரேமில் விக்கிள் தற்செயலாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். அப்போது வெடிப்பு வெடித்த மாதிரியே இருக்காது. அதனால் முதல் அதிர்வை விக்கிளிடம் விடாமல் எக்ஸ் ரொட்டேஷனில் கையால் இரண்டு மூன்று கீஃப்ரேம் போட்டுவிடுவது நல்லது. வெடிப்பு தொலைவில் என்றால் வெளிச்சத்தோடு சேர்த்துக் கேமராவை ஆட்டாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தூரம் என்றால் ஆட்டம் அரை நொடி, அதாவது 12 ஃப்ரேம் தாமதமாக வர வேண்டும். இந்தத் தாமதம் ஒன்றே ஷாட்டுக்குப் பெரிய நம்பகத்தன்மை தரும்.

மோஷன் பிளர் (அசைவால் படம் மங்கித் தெரிவது) இல்லாமல் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. ஒவ்வொரு லேயரிலும் அதை ஆன் செய்து, அந்த மங்கலின் அளவை முடிவு செய்யும் ஷட்டர் ஆங்கிளை 180 டிகிரியில் வையுங்கள். வெடிப்பு வெட்டு வெட்டாக, கரடுமுரடாகத் தெரிய வேண்டுமென்றால் 90-க்குக் குறைக்கலாம். என் விருப்பம் 180-தான்.

3டி கேமரா இல்லாமல் தட்டையான வீடியோவை ஆட்டுவதென்றால் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (தனக்குக் கீழே உள்ள எல்லா லேயர்களையும் மாற்றும் லேயர்) டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட் போட்டு அதற்குள் செய்யுங்கள். அதன் மோஷன் பிளருக்கு, காம்போசிஷனின் ஷட்டர் ஆங்கிளைப் பயன்படுத்தும் டிக்கை எடுத்துவிட்டு 180 என்று கொடுக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பு தெரிவதற்குக் கணக்கு எளிது: 1080 உயரத்தில் மேலும் கீழும் 20 பிக்சல் ஆடினால் 104 சதவீதம் பெரிதாக்க வேண்டும். இசட் ரொட்டேஷனில் ஒரு டிகிரி இருந்தால் மூலைகள் இன்னும் 17 பிக்சல் இறங்கும். அப்போது 107 வரை போங்கள். பெரிதாக்க மனமில்லையா, மோஷன் டைல் எஃபெக்டில் ஓரத்தைக் கண்ணாடிபோல் பிரதிபலித்து நிரப்பும் மிரர் எட்ஜஸ் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் முகமோ எழுத்தோ இருந்தால் பிரதிபலிப்பு காட்டிக்கொடுத்துவிடும். சப்டைட்டில், லோகோ போன்றவை அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கு மேலே இருக்கட்டும். அவை ஆடக் கூடாது.

எல்லாம் சரியாக வந்து ஓரிடத்தில் மட்டும் அசைவு பிடிக்கவில்லை என்றால் எண்களை மறுபடி கலைக்காதீர்கள். கீஃப்ரேம் அசிஸ்டன்ட் மூலம் எக்ஸ்பிரஷனைக் கீஃப்ரேம்களாக மாற்றிக்கொண்டு, உறுத்தும் அந்த நான்கைந்து ஃப்ரேம்களை அழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கீஃப்ரேம்களே இடைவெளியை நிரப்பிவிடும். மாற்றுவதற்கு முன் கேமரா லேயருக்கு ஒரு நகல் எடுத்து அணைத்து வையுங்கள்.