ஃபில்டரை ஊதி மாட்டலாமா? வாசகர் கேள்விகளுக்கு மெக்கானிக் பதில்

கேள்வி: டீசல் ஃபில்டரைக் கழற்றிக் காற்றடித்து மாட்டினோம். இழுவை நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு புதுசு எதற்கு? (தேவகோட்டை)

கொஞ்ச நாளைக்கு நன்றாகத்தான் இருக்கும் அண்ணே. உள்ளே இருப்பது மடிப்பு மடிப்பாக வைத்த தாள். கம்ப்ரஸர் காற்று மேலே படிந்த அழுக்கைக் கொஞ்சம் கிளப்பும், கூடவே தாளின் நாரையும் விலக்கிவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டீசல் ஃபில்டர் பிடிக்க வேண்டியது சில மைக்ரான் துகளை. ஆகவே தாளில் ஓட்டை விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குத்தான் தெரியும். காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற வண்டியில், 1,600 பார், அதற்கு மேலும்கூட அழுத்தத்தில் டீசல் பாய்கிறது. அதில் மண் துகள் போனால் இன்ஜெக்டர் ஊசியும் அது உட்காரும் இடமும் தேய்ந்துவிடும். ஃபில்டர் விலையை இன்ஜெக்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். உங்களுடையது சீல் வைத்த டப்பாவாக இருந்தால், எதை ஊதினீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ஊதி மாட்டிவிட்டு ‘மாற்றியாச்சு’ என்று பில் போடுகிறவர்களும் உண்டு. பழைய ஃபில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் ஃபில்டர் படம் போட்ட விளக்கு எரிகிறது. மாற்றியே ஆகணுமா? (பள்ளத்தூர்)

உடனே வேண்டாம். தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினை அணைத்து, அடியில் கண்ணாடி பாட்டில் பிடித்து, ஃபில்டரின் கீழ் திருகைத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். வெறும் டீசல் வர ஆரம்பித்ததும் மூடி, கை பம்ப் இருந்தால் இறுகும்வரை அமுக்கி ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நாலு நாளில் மறுபடி எரிந்தால் டேங்கைப் பார்க்கணும், டீசல் போடும் பங்கையும் மாற்றணும்.

கேள்வி: கார் கானாடுகாத்தான் வீட்டில் நிற்கிறது. படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல்) கல்யாணத்துக்கும் வரும்போதுதான் எடுப்போம். பெட்ரோல் வண்டி, ஓடியது குறைவு. ஃபில்டர் அப்படியே இருக்கலாமே?

ஆச்சி, ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் நம் பக்கம் அதிகம் பட்டறைக்கு வருகிறது. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருஷம் ஏறுகிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்கோடு மாசக்கணக்கில் நின்றால், மீதி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் பெட்ரோலில் இறங்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். பழைய இரும்பு டேங்க் என்றால் துருவும் சேரும். அதோடு, எத்தனால் டேங்கில் வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும்.

ரொம்ப நாள் நின்றிருந்தால் முதலில் பழைய பெட்ரோலை இறக்குங்கள், அப்புறம் ஃபில்டர். டேங்கைக் கழுவாமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் அடைக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். வாட்ச்மேன் வண்டியை ஸ்டார்ட் செய்து அணைப்பது பத்தாது, தெருவில் ஓட்டிவிட்டு வரட்டும்.

கேள்வி: அப்பாவின் அம்பாசடர், பெட்ரோல். அதிலும் மாற்றணுமா?

பெட்ரோல் பம்பில் கம்பி வலை இருந்தால் கழுவலாம். பெட்ரோலில் நனைத்து, மென்மையான பிரஷால் தேய்த்தால் போதும், கேஸ்கெட் மட்டும் புதுசு. இடையில் பிளாஸ்டிக் ஃபில்டர் மாட்டியிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கணும்.

கேள்வி: புது மாடலில் ஃபில்டரே காணோமே? (காரைக்குடி)

பெட்ரோல் வண்டி என்றால் டேங்குக்குள் பம்போடு சேர்ந்திருக்கும். எப்போது மாற்றுவது என்பதை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டாதீர்கள், பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

கேள்வி: நானே வீட்டில் மாற்றலாமா?

டீசல் என்றால் முயலலாம். காமன் ரெயில் வண்டிக்குப் புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள், கை பம்ப்பில் ஏற்றுங்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் லைனில் அழுத்தம் நிற்கும். பம்ப் ஃப்யூஸை எடுத்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றியபின் கை வையுங்கள். அதுவும் வெட்டவெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். முகப்பில் சாமி விளக்கு எரியும்போது வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.