50 கி.மீ. சைக்கிள்: மூச்சை நம்பாதீர்கள், முட்டியைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. கல்லூரியோடு சைக்கிளை விட்டவன், இப்போது இரண்டு மாதமாக மறுபடி ஓட்டுகிறேன். 10 கி.மீ. அலுப்பில்லாமல் போய் வருகிறேன். போன ஞாயிறு 30 கி.மீ. போனேன். மூச்சு வாங்கவில்லை. ஆனால் முட்டியின் முன்பக்கம் மூன்று நாள் வலித்தது, விரல்கள் மரத்துப்போயின, உட்காரவே முடியவில்லை. 50 கி.மீ. ஓட்ட ஆசை. எப்படிக் கூட்டுவது? நிறைய கியர் உள்ள புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

பதில்: மூச்சு வாங்கவில்லை என்பதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பயிற்சி தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அப்படியல்ல; அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். திரும்பி வருபவர்கள் பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

தூரத்தைக் கூட்டுவதற்கு முன் சீட் உயரத்தைப் பாருங்கள். சுவரில் ஒரு கையை ஊன்றி சைக்கிளில் ஏறி உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்படியே முன்பாதத்தை பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். உங்கள் முன்பக்க வலியைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம்தான். வலி முட்டிக்குப் பின்னால் என்றால் சீட் அதிக உயரமாக இருக்கலாம். ஒரே நாளில் மாற்றிவிடாமல், தடவைக்கு அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள்.

அடுத்தது மிதிக்கும் வேகம். கனமான கியரில் அழுத்தி மிதிப்பது முட்டிக்குப் பகை. ஒரு முட்டி 15 வினாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 18 முதல் 20 வந்தால் நல்லது. 12, 13தான் வருகிறதென்றால் கியரை லேசாக்குங்கள்.

இனி தூரம். கிலோமீட்டரை மறந்து நிமிடத்தில் கணக்கு வையுங்கள். எதிர்க்காற்றிலும் மேட்டிலும் 20 கி.மீ. என்பது வேறு தூரம். வாரத்துக்கு மூன்று நாள் போதும்: இரண்டு நாள் 40 நிமிடம், ஒரு நாள் நீண்ட சவாரி. நீண்ட சவாரியை 60 நிமிடத்தில் தொடங்கி வாரம் 10 நிமிடம் கூட்டுங்கள். நான்காவது வாரம் மறுபடி 60 நிமிடத்துக்கு இறங்கி, ஐந்தாவது வாரம் 90க்குப் போங்கள். இந்த இறங்கும் வாரத்தைப் பலரும் வீண் என்று தாண்டிவிடுகிறார்கள். உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். இரண்டு மணி நேரத்தைத் தொட்ட பிறகு 15 நிமிடமாகக் கூட்டலாம். மூன்று, மூன்றரை மாதத்தில் மூன்று மணி நேரம் வந்துவிடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்திலேயே அது 45 கி.மீ. நீண்ட சவாரியில் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை வகுத்துக்கொண்டால் களைத்த நேரத்தில் புண்ணியமாக இருக்கும்.

உட்காரும் வலிக்கு சோபா மாதிரி மெத்தென்ற சீட் வாங்கிவிடாதீர்கள். அதில் எலும்பு புதைந்து, பாரமெல்லாம் நடுவில் உள்ள மென்மையான சதையில் இறங்கும். உட்காரும் எலும்புகள் இரண்டையும் தாங்கும் அகலமும் ஓரளவு கெட்டித்தன்மையும் வேண்டும். பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் நன்றாக உதவும். அதற்குள் ஜட்டி வேண்டாம், தையல் உரசிப் புண்ணாகும். விரல் மரப்பதற்குக் காரணம், மணிக்கட்டை மடக்கி ஹேண்டில்பாரில் பாரத்தைப் போடுவது. முழங்கையைத் தளர்த்தி, பிடியை அடிக்கடி மாற்றுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் உடம்பு முன்னால் சரிந்து பாரம் கைக்குத்தான் வரும்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் சவாரிக்குச் சாப்பாடும் வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒன்றிரண்டு வாழைப்பழம். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தண்ணீர் மணிக்கு சுமார் அரை லிட்டர், வெயிலில் கூடுதலாக.

மறுநாள் தொடை கனப்பது இயல்பு. முட்டி வீங்கினால், வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் அங்கேயே இறங்கி உதவி கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் திட்டத்தைத் தொடங்கும் முன்பே ஆலோசனை பெற்றுவிடுங்கள்.

புது சைக்கிள் இப்போது வேண்டாம். உங்கள் பாதையில் மேடு அதிகம் என்றால் மட்டும் லேசான கியர்கள் கைகொடுக்கும். அப்போதும் கியர் எண்ணிக்கையைவிட ஃபிரேம் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இருக்கும் சைக்கிள் பழையது என்றால் டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் டயரை மாற்றிவிட்டு, பிரேக் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள்.