விபத்தன்று வலி இல்லை, மறுநாள் கழுத்து திரும்பவில்லை. டாக்டரைப் பார்க்கணுமா?

சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது, அன்று ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். சரி, இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இடித்த நேரத்தில் உடம்பில் அட்ரினலின் ஏறி வலியை அமுக்கிவிடும். தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வெட்டும்போது கழுத்துத் தசைகள் இழுபடும். ஆனால் வீக்கம் மெதுவாகத்தான் வரும். அதனால் ஒன்றிரண்டு நாள் கழித்து வலி கூடுவது சகஜம். எனக்கும் மறுநாள் காலை பல் தேய்த்து, வாய் கொப்பளிக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது.

தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவாதீர்கள். எலும்பில் விரிசல் இருந்தால் ஆபத்து. தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, தூக்கக் கலக்கம், கை மரத்துப்போவது, சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் வயிற்று வலி, இதில் எது வந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் வெறும் கழுத்து வலி என்று சொல்லாமல், விபத்து என்றே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அந்தப் பதிவின் காப்பியை (ஏ.ஆர். காப்பி என்பார்கள்) வாங்கி வையுங்கள், இழப்பீட்டு வழக்குக்குத் தேவைப்படும். அப்புறம், தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் இலவச சிகிச்சை விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குத்தான்.