இரண்டாம் வயலின் நாற்காலியிலிருந்து: கேள்வி பதில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த நான், சென்னைத் திரையிசை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மேற்கத்திய இசை மேடைகளிலும் 36 ஆண்டுகள் இரண்டாம் வயலின் வாசித்து ஓய்ந்து, இப்போது ஏற்காட்டில் வசிக்கிறேன். சேலத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அம்மாபேட்டை): ஐயா, என் மகள் ஐந்து ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் பயில்கிறாள். இசைக்குழுவில் சேர முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: செவியும் லயமும் வந்திருப்பதால் முதலிலிருந்து வேண்டாம், ஆனால் உடம்பைப் புதிதாகப் பழக்க வேண்டும். சம்மணமிட்டு அமர்ந்து வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றும்போது கருவியின் பாரத்தைக் கால் தாங்குவதால், இடக்கை கமகத்துக்காகத் தடையின்றிச் சறுக்குகிறது. நாற்காலியில் அமர்ந்தாலோ அந்தப் பாரம் தோளுக்கும் தாடைக்கும் வந்துவிடுகிறது. நாம் பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளை ஷட்ஜ பஞ்சமமாகக் கூட்டுகிறோம். அங்கே நான்கு தந்திகளுக்குரிய ஜி, டி, ஏ, இ என்ற ஸ்வரங்கள் யாருக்காகவும் மாறா. இவையெல்லாம் பயிற்சியில் கைகூடிவிடும். உண்மையில் கடினமானது, இசைக்குறிப்புத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதுதான். குருவின் வாயைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கண் சொல்வதை விரல் நம்புவதற்கே நாளாகும். ஒலிப்பதிவில் நோட்ஸ் கைக்கு வந்ததும் ஓரிரு ஒத்திகை, அடுத்தது டேக் என்பதே நடைமுறையாக இருந்தது. ஆகையால் பார்த்து வாசிக்கும் பயிற்சியை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்றுத்தான் நம் இசைக்குக் கொண்டுவந்தார்; உங்கள் மகள் அதே வழியில் எதிர்ப்பக்கமிருந்து நடக்கப்போகிறாள், அவ்வளவுதான்.

கேள்வி (சூரமங்கலம்): இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம் தரமா? முன்னுக்குப் போக வேண்டுமென்று தங்களுக்குத் தோன்றவே இல்லையா?

பதில்: தோன்றியது, முதல் பத்தாண்டுகள் அந்த மனக்குறையோடுதான் வாசித்தேன். பெரிய சிம்பொனி இசைக்குழுவில் ஏறக்குறைய 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா 12, அதைவிடப் பெரிய செல்லோ 10, எல்லாவற்றிலும் பெரிய டபுள் பேஸ் 8 இருக்கும். மெட்டு பெரும்பாலும் முதல் வயலின்களிடம் இருக்க, அதற்கும் அடித்தளத்துக்கும் இடையே ஓடும் நடு ஸ்வரங்கள் எங்களுடையவை. அவற்றைத் தனியே கேட்டால் ராகம் பிடிபடாது, எடுத்துவிட்டாலோ மெட்டு வற்றிப்போகும். "ஒத்து ஊதுகிறான்" என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். கோயில் திருவிழாவில் நாயனக்காரர் அருகே அமர்ந்து, மூச்சு அறுபடாமல் ஒரே சுருதியை மணிக்கணக்கில் பிடித்திருக்கும் ஒத்துக்காரரை ஒருமுறை கவனித்தால் அந்தச் சொல்லை வசையாகப் பயன்படுத்த மனம் வராது. என் பக்கத்து நாற்காலிக்காரரின் வில்லோடு என் வில் ஒரே கணத்தில் திரும்பி, என் ஒலி எது என்று எனக்கே பிரித்தறிய முடியாத நாட்களைத்தான் நான் நன்றாக வாசித்த நாட்களாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி (அழகாபுரம்): கையில் கோலோடு நிற்பவர் ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதில்லையே?

பதில்: கண்டக்டரின் பெரும்பாலான உழைப்பு ஒத்திகையிலேயே முடிந்துவிடுகிறது. மேடையில் தெரிவது அதன் மிச்சம்.

கேள்வி (கன்னங்குறிச்சி): சேலத்திலிருந்து ஏற்காடு வந்தால் வயலின் சுருதி மாறிவிடுகிறதே, ஏன்?

பதில்: மரம் ஈரத்தைக் குடிக்கும். மழைக்கால மூடுபனியில், தந்தியை முறுக்கும் பிருடைகள் உப்பி இறுகித் திருக முடியாமல் போகும். சித்திரை வெயிலில் சேலத்தில் அவை சுருங்கி, தந்தி தானே தளர்ந்துவிடும். கருவியைப் பெட்டியிலேயே சிறிது நேரம் வைத்திருந்து ஊர்க் காற்றுக்குப் பழகவிட்டுப் பிறகு எடுங்கள். இசைக்குழுவில் ஓபோ என்ற ஊதுகருவி கொடுக்கும் ஏ ஸ்வரத்துக்கு அனைவரும் சேர்கிறோம். அது பொதுவாக நொடிக்கு 440 அதிர்வு.

கேள்வி (ஜாகீர் அம்மாபாளையம்): நீண்ட காலம் வாசித்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

பதில்: தாடைக்குக் கீழே தழும்பும் இடத்தோளில் வலியும் எங்கள் தொழிலின் அடையாளங்கள். நான் அஞ்சுவது காதுக்காகத்தான். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேட்கலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பித்தளைக் கருவிகளின் முன் அமர்ந்தவருக்கு ஒலி அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012ஆம் ஆண்டு நடந்த ஒத்திகையில் செவி பாதிக்கப்பட்ட வயோலா கலைஞர் வழக்குத் தொடுத்தபோது, 2018இல் நீதிமன்றம் அந்த நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. என் காலத்தில் பஞ்சு வைத்துக்கொண்டவரைக் கேலி செய்தோம். என் இடக்காதில் இப்போது ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறது.

கேள்வி (ஏற்காடு சாலை): நம் ஊரிலேயே இசைக்குழு இருந்ததாமே?

பதில்: டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவை நீங்கள் தினமும் கடக்கிறீர்கள். ஜி. ராமநாதன், கே. வி. மகாதேவன் போன்றோர் அந்த நிறுவனத்தின் படங்களுக்கு இசையமைத்திருக்கிறார்கள். பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். பின்னாளில் பல தடப் பதிவும் கீபோர்டும் வந்து, பலர் வாசித்ததை ஒருவரே வாசிக்க முடிந்தபோது எங்களில் பலருக்கு வேலை குறைந்தது. நான் மாணவர்களுக்குக் கற்பித்துச் சமாளித்தேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி): வாசிக்காமல் காத்திருக்கும் நேரம் சலிக்காதா?

பதில்: செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1893இல் இயற்றி முடித்த ஒன்பதாம் சிம்பொனியில், முக்கால் மணி நேரத்தை நெருங்கும் இசைக்கு நடுவே சிம்பல் தட்டுகள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கின்றன. அந்தத் தட்டுகளோடு காத்திருப்பவரைப் பார்க்கையில் நாங்கள் பாக்கியசாலிகள். ஆயினும் எங்களுக்கும் முப்பது, நாற்பது பார் (தாளச் சுற்று) மௌனம் வரும். அதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சேலத்திலிருந்து பேருந்தில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிவிட்டுத்தான் இறங்குகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை தவறுவதில்லை.